வலியைப் பொறுக்க வேண்டியதில்லை

மார்ஃபின் என்றாலே 'ஐயோ, பழகிப்போய்விடுமே' என்று பதறுகிறோம். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் அமர்ந்து, வலி உணர்வை அது மட்டுப்படுத்துகிறது. அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும். போதைக்காக எடுப்பவரை அடிமையாக்கும். உண்மைதான். ஆனால் புற்றுநோய் வலியில் இரவெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு, மருத்துவர் அளவு பார்த்து நான்கு மணிக்கொரு முறை தரும் மாத்திரை தூக்கத்தை மீட்டுத் தருகிறது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கொடுப்பார்கள்.

மார்ஃபின் கிடைக்கும் அபினியை மருத்துவத்துக்காக விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. பயம் இன்னும் போகவில்லை.

வீட்டில் யாரேனும் வலியில் துடித்தால், வலிநிவாரணச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.