கேழ்வரகு அடைக்கு ஒரு கோஸ் சாலட்
(கூட்டமைப்பு விழாவில் பேசியது)



செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் போனால், வெளிநாட்டுக்காரங்க தட்டு நிறைய பச்சைக் காய் சாப்பிடுறதைப் பார்க்கலாம். நம்ம வீட்டிலோ முட்டைக்கோஸ் என்றாலே பொரியல், கூட்டு. அதையும் குழைய வேகவைத்துத் தண்ணியைக் கொட்டிடுறோம். அதோட வைட்டமின் சி-யும் போயிடுது. கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டணும்னா அந்த வைட்டமின் வேணும். நம்ம தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. அதனாலதான் இதைப் பேச வந்தேன்.

எல் சால்வடார் என்று அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் ஒரு சின்ன நாடு. அங்கே சோள மாவில் பருப்பு வகையோ சீஸோ உள்ளே வைத்து, புபூசா என்று ஒரு அடை சுடுவாங்க. அதுக்குத் தொட்டுக்க 'குர்த்தீடோ' என்கிற கோஸ் சாலட். நம்ம கேழ்வரகு அடைக்கும் அது நல்லாப் பொருந்தும்.

அரை கிலோ கோஸ், ஒரு கேரட், ஒரு பெரிய வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு டீஸ்பூன் உப்பு. இவ்வளவுதான். அவங்க வினிகரும் ஓரிகானோ என்கிற இலையும் போடுவாங்க. நமக்கு எலுமிச்சையும், கொல்லையில் இருக்கிற கற்பூரவல்லி இலை இரண்டும் போதும். கரீபியன் தீவுகளில் கற்பூரவல்லியையே ஓரிகானோ என்று சமைக்கிறாங்க. மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது. எலுமிச்சை நம்ம ஆசியாவிலிருந்து அங்கே போனது. அதனால இது ஒண்ணும் அந்நியச் சாப்பாடு இல்லை.

கோஸில் புழு இருக்கும், பச்சையாச் சாப்பிட்டா மூளைக்குப் போயிடும்னு பல பேர் பயப்படுறாங்க. பயத்துக்குக் காரணம் உண்டு. அசுத்தத் தண்ணி பாய்ந்த காயில் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கலாம். அதனால மேல் இலை மூணு நாலைக் கழிச்சுடணும். மீதியை இலை இலையாப் பிரிச்சு, ஓடுற தண்ணியில் தேய்ச்சுக் கழுவணும். பொடியா அரிஞ்சு, தளதளன்னு கொதிக்கிற தண்ணியை மேலே ஊத்தி, ஒரு நிமிஷம் விட்டு வடிக்கணும். எல் சால்வடாரிலும் இப்படி ஊத்துற வழக்கம் உண்டு. காய் மொறுமொறுப்பு குறையாது. சூட்டில் கொஞ்சம் சத்து போனாலும் எலுமிச்சை ஈடுகட்டும். பிறகு உப்புப் பிசறி பத்து நிமிஷம் வெச்சா தண்ணி விடும். பிழிஞ்சுட்டு மத்ததைச் சேர்க்கணும். வெளியில் வெச்சா இரண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவங்க பசியோட வர்றாங்க. கேழ்வரகு அடையும் இந்தச் சாலட்டும் தொன்னையில் கொடுத்தா விற்கும். விரதக்காரங்களுக்கு வெங்காயம் இல்லாம தனியா பிசையணும். ஆனா உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பண்ணிட்டு, நல்ல தண்ணி, சுத்தமான கை இருந்தா மட்டும் கடை போடுங்க. ஒருத்தருக்கு வயித்துவலி வந்தாலும் கெடுறது நம்ம எல்லாக் குழுக்களின் பேரும்தான்.

முதலில் நம்ம பிள்ளைங்களுக்குக் கொடுப்போம். அதுங்க இன்னும் கொஞ்சம் கேட்டா, அப்புறம் விற்கலாம்.