வீட்டு மொழியும் பள்ளிப் பாடமும்

ஆறு வயதுக் குழந்தை முதல் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போது வெறுங்கையுடன் செல்வதில்லை. ஒரு மொழியை ஏறக்குறைய முழுமையாகக் கற்றுக்கொண்டு செல்கிறது. 'நேற்று வந்தான்' என்பதற்கும் 'நாளை வருவான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியரும் அதற்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. அடுக்களையிலும் தாழ்வாரத்திலும் பாட்டியின் மடியிலும் அது தானே பற்றிக்கொண்ட அறிவு அது. இத்துணைப் பெரிய கல்வியைப் புகட்டிய வீடு, பள்ளிக்கூடம் தொடங்கியதும், "இனி எல்லாம் ஆசிரியர் பாடு, அந்தப் பாடங்கள் நமக்கு விளங்கா" என்று ஒதுங்கிக்கொள்வது முறையாகுமா?

இக்கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் உரியதே. எனினும், புனே நகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது இன்னும் கூர்மையாக எழுகிறது. கண்டோன்மெண்டும், 1869-ஆம் ஆண்டில் கட்கியில் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும் நம் முன்னோர் பலருக்கு இங்கே பிழைப்பைத் தந்தன. பிற்காலத்தில் பிம்பிரி-சிஞ்ச்வட் ஆலைகளும் ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களும் மேலும் பலரை அழைத்து வந்தன. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மகாராஷ்டிரத்தில் பயிற்றுமொழி எதுவாயினும் மராத்தி கட்டாயப் பாடம். ஆகவே, மராத்தி எழுத்தறியாத தாய் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பது நம் இல்லங்களில் புதிய செய்தியன்று. புத்தகம் மூடப்படுவதில் பெருங்கேடில்லை. அதனோடு தாய்க்கும் குழந்தைக்கும் இடையே படிப்பைப் பற்றிய பேச்சும் நின்றுவிடுகிறதே, அதுதான் நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி.

பாடம் தெரியாத பெற்றோர் படிப்புக்குத் துணை நிற்க முடியுமா என்னும் ஐயத்திற்கு, நாம் வாழும் இந்நகரின் வரலாறே விடை கூறுகிறது. 1827-ஆம் ஆண்டில் பிறந்த ஜோதிராவ் புலே, பூவும் காய்கறியும் பயிரிட்டு விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே தாயை இழந்தவர். தொடக்கக் கல்வி முடிந்த அளவில், பிறர் பேச்சைக் கேட்டுத் தந்தை கோவிந்தராவ் அவரைப் பள்ளியினின்றும் நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டார். கஃபார் பேக் முன்ஷி என்னும் ஆசிரியரும், லிஜித் என்பவரும் அச்சிறுவனின் அறிவைக் கண்டு, மீண்டும் பள்ளிக்கு அனுப்புமாறு தந்தையிடம் எடுத்துரைத்தனர். கோவிந்தராவ் செவிசாய்த்தார். 1841-இல் ஜோதிராவ் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தார்.

அத்தந்தை ஆங்கிலப் பாடம் எதையும் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவரல்லர். அவர் செய்தது ஒன்றே: தம் முடிவை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தின் பயனாக 1848-இல் புதவார் பேட்டையிலுள்ள பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தோன்றிற்று. எழுத்தறியாதவராகவே மணமாகி வந்து, வீட்டிலேயே கணவரிடம் கற்ற சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையானார். அவர்கள் நடத்திய பள்ளியில் படித்த, மாங் வகுப்பைச் சேர்ந்த முக்தா சால்வே என்னும் சிறுமி, தம் மக்கள் படும் துன்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட வகுப்பு அது. படித்தவர்களின் வீட்டில்தான் படிப்பு வளரும் என்னும் எண்ணத்தை இந்நகரம் அன்றே பொய்யாக்கிவிட்டது.

1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் அளித்த விண்ணப்பத்தில், தொடக்கக் கல்வி குறைந்தது 12 வயது வரையிலேனும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கோரினார். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளிக்குள் நுழையும் போராட்டம் பெரும்பாலும் வென்றாகிவிட்டது. ஆனால், நுழைந்த பிள்ளைகள் கற்கின்றனரா?

மும்பையில் 1995-இல் தோன்றிய பிரதம் அமைப்பின் முயற்சியால், 2005-ஆம் ஆண்டு முதல் 'அசர்' என்னும் அறிக்கை வெளிவருகிறது. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, குழந்தையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி அறியும் ஆய்வு இது. 2024-ஆம் ஆண்டின் அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு 48.8 பேரே. ஏனையோர் நாள்தோறும் பள்ளி சென்றும், தேறித் தேறி மேல்வகுப்புக்கு வந்தும், படிக்க இயலாதவர்களாகவே உள்ளனர். மதிப்பெண் ஏடு சொல்லாத உண்மையை, வீட்டு வாசலில் வைத்து ஒரு தாள் சொல்லிவிடுகிறது. நாமும் இதனைச் செய்து பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்வோம். அது தங்குதடையின்றிப் படிக்கிறதா, எழுத்தெழுத்தாகத் தடவுகிறதா என்பதை அறிய அம்மொழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. செவி இருந்தால் போதும்.

நிற்க. நம் பிள்ளைகளுக்கே உரிய சில இடர்ப்பாடுகளை நாம் அறிந்துகொள்வது நல்லது. தமிழில் ககரத்திற்கு ஓர் எழுத்தே உண்டு. மராத்தியிலோ அவ்விடத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. மராத்தியில் பாட்டு என்பதற்கும், உண்ணுதல் என்பதற்கும் உள்ள இரு சொற்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'காணே' என்றே ஆகும். ஆகவே, தமிழ்க் குழந்தை ஓர் எழுத்துக்கு மற்றோர் எழுத்தை இடுவது கவனக் குறைவன்று. அதன் செவி இன்னும் பழகவில்லை என்பதே பொருள். இவ்வாறே, உயிரற்ற பொருளெல்லாம் நமக்கு அஃறிணை. மராத்தியிலோ 'குர்ச்சி' என்னும் நாற்காலி பெண்பால். 'தர்வாஜா' என்னும் கதவு ஆண்பால். இவற்றில் தடுமாறும் குழந்தையை 'மந்தம்' என்று வீட்டிலும் வகுப்பிலும் முத்திரை குத்திவிட்டால், அது வாய்திறப்பதையே நிறுத்திவிடும். பேசாத குழந்தை பிழை செய்வதில்லை. ஆனால் கற்பதும் இல்லை.

இடர்ப்பாடு மட்டுமன்று, நம் வீட்டு மொழி தரும் வலிமையும் உண்டு. இந்தி பேசும் பிள்ளைகள் பலருக்கு எளிதில் வாராத ளகரம் நம் குழந்தையின் நாவில் இயல்பாகவே இருக்கிறது. மராத்தியர் அரிசியைத் 'தாந்தூள்' என்கின்றனர். குழந்தையைப் 'பாள்' என்கின்றனர். அண்ணா, அக்கா என்னும் சொற்களும் அவர்கள் வீடுகளில் வழங்குகின்றன. இவற்றைச் சுட்டிக் காட்டினால், புதிய மொழி அயலாருடையதன்று, பக்கத்து வீட்டாருடையது என்னும் உணர்வு குழந்தைக்கு உண்டாகும்.

எண்களைப் பாருங்கள். நாம் 'நாற்பத்தேழு' என்கிறோம். முதலில் நாற்பது, பிறகு ஏழு. எழுதும் முறையும் அதுவே. மராத்தியில் 'சத்தேசாளீஸ்' என்பர். ஏழு முன்னே, நாற்பது பின்னே. இருபத்தொன்பதை, முப்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருள்பட 'ஏகோண்தீஸ்' என்பர். கேட்ட வரிசையில் எழுதும் குழந்தை 47-ஐ 74 என்று எழுதிவிடக் கூடும். புனேயில் 1967-இல் நிறுவப்பட்ட 'பாலபாரதி' என்னும் மாநிலப் பாடநூல் நிறுவனம், 2019-ஆம் ஆண்டு இரண்டாம் வகுப்புக் கணித நூலில், 'ஏக்வீஸ்' என்பதனோடு 'வீஸ் ஏக்', அதாவது இருபது-ஒன்று என்று சொல்லும் முறையையும் புகுத்தியது. கணித அறிஞர் மங்களா நார்லிகர் தலைமையிலான குழுவின் கருத்து அது. தென்னக மொழிகளில் எண்கள் இவ்வரிசையிலேயே அமைந்துள்ளன என்பதும் அப்போது எடுத்துக்காட்டப்பட்டது. மரபுக்கு மாறானது என்று எதிர்ப்பு எழுந்து, செய்தி சட்டமன்றம் வரை சென்றது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை அறிஞர்களே முடிவு செய்யட்டும். நமக்கு வேண்டிய படிப்பினை வேறு. இத்துணை விவாதத்திற்கு உள்ளான அந்த எளிமையான வரிசை நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. தொண்ணூறு போன்ற சில விலக்குகள் நம்மிடமும் உண்டு என்பது மெய்யே. ஆயினும், காய்கறிப் பையை இறக்கி வைத்துத் தக்காளியை எண்ணும்போதும், மாடிப்படி ஏறும்போதும் தமிழில் எண்ணப் பழகிய குழந்தைக்குப் பத்தின் இடமும் ஒன்றின் இடமும் காதின் வழியாகவே மனத்தில் பதிந்துவிடும். பிறகு மராத்திப் பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. பொருள் ஒருமுறை விளங்கிவிட்டால், பெயர் எத்தனை மொழியில் வந்தால் என்ன?

அப்படியானால் அன்றாடம் நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, கேட்பது. 'இன்று எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதினும், 'இன்று என்ன கதை சொன்னார்கள்? அதை எனக்குத் தமிழில் சொல், பார்ப்போம்' என்று கேட்பது நன்று. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், குழந்தை அதனைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒப்பிப்பதற்கு விளக்கம் தேவையில்லை; மொழிமாற்றிச் சொல்வதற்குத் தேவை. இங்கே பெற்றோரின் அறியாமையே ஒரு கருவியாகிறது. தெரியாதவருக்குச் சொல்லும்போது குழந்தை ஆசிரியராகிறது. குழந்தை சொல்லத் தடுமாறும் இடம் எதுவோ, அதுவே மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம்.

இரண்டாவது, ஒழுங்கு. படிப்பதற்கு ஒரு மூலையும் ஒரு வேளையும் வேண்டும். ஒற்றை அறை வீடாயினும், அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்க வேண்டும். நம் கைப்பேசியும் அதில் அடங்கும். நேரத்தில் உறக்கமும், வயிறார உணவும், நாள் தவறாமல் பள்ளி செல்வதும் வேண்டும். ஊர்த் திருவிழாவிற்கும் உறவினர் திருமணத்திற்கும் பள்ளி நாள்களைப் பலியிட்டு வாரக்கணக்கில் ஊரிலேயே தங்கிவிடும் வழக்கத்தை நாம் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடக்க வகுப்பில் தவறிய பாடம், மேல்வகுப்பில் கட்டடத்தின் விரிசலாகத் தோன்றும்.

மூன்றாவது, அடியும் ஒப்பீடும் கூடா. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி நம் பிள்ளையை இகழ்வதால் ஒரு எழுத்தும் கூடுதலாக வாராது. அச்சத்தோடு கற்றதை அச்சம் நீங்கியதும் குழந்தை மறந்துவிடுகிறது.

நான்காவது, கைவேலை. சாவித்திரிபாய் புலேயின் பெயரை 2014 முதல் தாங்கி நிற்கும் புனே பல்கலைக்கழக வளாகத்தில், ஐயூகா என்னும் வானியல் நிலையம் சிறுவர்க்கான அறிவியல் மையம் ஒன்றை அமைத்தது. அங்கே பல்லாண்டுகள் பணியாற்றிய அரவிந்த் குப்தா, வீணென்று எறியும் பொருள்களைக் கொண்டே பொம்மைகள் செய்து காட்டியவர். தீக்குச்சிகளின் முனைகளைச் சைக்கிள் வால்வு ரப்பர்த் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் சதுரமும் செய்வது அவற்றுள் ஒன்று. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை. பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணங்கள் ஏன் அமைகின்றன என்பதை, சில காசுச் செலவில், மருந்து முனை நீக்கிய குச்சிகளைக் கொண்டு தாயும் குழந்தையும் சேர்ந்தே கண்டறியலாம். அதற்கு எந்த மொழியும் தடையன்று.

ஐந்தாவது, பள்ளிக்குச் செல்வது. மராத்தி பேச வராதென்றோ, ஆங்கிலம் வராதென்றோ கூசிப் பள்ளி வாயிலிலேயே நின்றுவிடும் பெற்றோர் நம்மிடையே பலர். அரசின் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில், நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்துள்ளது. அச்சட்டம் படிப்பை ஒரு தகுதியாகக் கேட்கவில்லை; மொழியைக் கேட்கவில்லை. தனியார் பள்ளிகளிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. ஆண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே ஆசிரியரைக் கண்டு, 'எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம். குழந்தை இன்னின்ன இடத்தில் தடுமாறுகிறது' என்று தெரிவிப்போம். பேச்சு வராவிடில் அண்டை வீட்டாரைத் துணைக்கு அழைத்துச் செல்வோம். ஆனால், அந்த உரையாடலுக்குக் குழந்தையையே மொழிபெயர்ப்பாளராக்குவது தகாது. தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்லும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரலாகாது.

இறுதியாக ஒன்று. குழந்தைக்குப் பள்ளி மொழி விரைவில் வர வேண்டும் என்னும் ஆசையால், தமக்கே நன்கு வாராத மொழியில் வீட்டில் பேசத் தொடங்கும் பெற்றோரும் உள்ளனர். அவர்கள் நோக்கம் நல்லதே, விளைவு அவ்வாறன்று. கதை, கிண்டல், கேள்வி, காரணம், ஆறுதல் ஆகிய அனைத்தும் அளவில் குறைந்து, 'வா, போ, சாப்பிடு, படி' என்னும் நான்கு ஏவல்களே வீட்டில் எஞ்சுகின்றன. வளமான தமிழ் கேட்டு வளரும் குழந்தை, சிந்திக்கும் வழக்கத்தைப் பெறுகிறது. அந்த வழக்கத்தை அது எந்த மொழிக்கும் எடுத்துச் செல்லும். ஆகவே மராத்தியை மதித்துக் கற்கச் செய்வோம்; ஆங்கிலத்தையும் கற்கச் செய்வோம்; வீட்டுப் பேச்சைத் தமிழாகவே வளமுறச் செய்வோம். பாடம் நமக்கு விளங்காதிருக்கலாம். ஆனால், குழந்தை சொல்வதைப் பொறுமையோடு கேட்க ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பது அதற்கு விளங்கினால், படிப்பில் அதற்குப் பாதித் துணை கிடைத்துவிட்டது எனலாம்.