அடையாற்று அலமாரியும் மகாத்மாக்களின் கடிதங்களும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிளாவட்ஸ்கி அம்மையாரின் சரித்திரமாகும். செத்து நூறு வருஷத்திற்கு மேலாகிவிட்ட ஒரு ருஷிய அம்மாளைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அந்த அம்மாள் அற்புதம் நடத்திய இடம் நமது சென்னை அடையாறு. அதை நம்பியவர்களும் எழுத்து வாசனை இல்லாத பாமரர்கள் அல்லர். வக்கீல்கள், பத்திரிகாசிரியர்கள், ராணுவ ஜெனரல், வெள்ளைக்கார சிவில் உத்தியோகஸ்தர்! படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அம்மையார் 1831இல் எகாத்தரினோஸ்லாவ் என்னும் ஊரில் (இன்று அது யுக்ரேன் நாட்டைச் சேர்ந்தது) ஒரு ராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்தார். 1849இல், 17 வயதில், தம்மைவிட மிகவும் மூத்தவரான ஓர் உத்தியோகஸ்தருக்கு மனைவியானார். சில மாதங்களிலேயே அவரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். பிடிக்காத புருஷனை விட்டதற்காக நான் அந்த அம்மாளைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் துணிச்சலை மெச்சுகிறேன். ஆனால் அதற்குப் பின் பல வருஷங்கள் திபேத்தில் மகாத்மாக்களிடம் வித்தை கற்றதாகச் சொன்னாரே, அதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர தக்க சாட்சி கிடையாது.

1873இல் நியூயார்க் போனார். அங்கே கர்னல் ஆல்காட் என்பவர் சிநேகமானார். இருவரும் மற்றும் சிலரும் கூடி 1875இல் பிரம்மஞான சபையைத் துவக்கினார்கள். 1879இல் பம்பாய் வந்து இறங்கி, 1882 கடைசியில் அடையாற்றில் குடியேறினார்கள்.

இனி அற்புதங்களைப் பார்ப்போம். 1880இல் சிம்லாவில் ஒரு வனபோஜனம். ஆறு பேருக்குச் சாமான் கொண்டுபோனார்கள். ஏழாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். கோப்பை ஒன்று குறைந்தது. அம்மையார் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டித் தோண்டச் சொன்னார். தோண்டினால் மற்ற கோப்பைகளைப் போலவே ஒரு கோப்பையும் தட்டும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன! முன்கூட்டியே புதைத்து வைத்திருக்கக் கூடாதா என்று அங்கேயே ஒருவர் சந்தேகப்பட்டார்.

தோழர்களே! 1876 முதல் 1878 வரை நமது சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. லட்சக்கணக்கான ஜனங்கள் கஞ்சியின்றி மடிந்தார்கள். அது முடிந்த மறு வருஷம்தான் அம்மையார் இந்நாட்டில் கால் வைத்தார். மண்ணிலிருந்து பீங்கான் கோப்பை வரவழைக்கிற மகாத்மாக்கள், சாகிற ஜனங்களுக்கு ஒரு மரக்கால் அரிசி வரவழைத்தார்களா? துரைமார் தேநீர் குடிக்கக் கோப்பை வரும். ஏழை குடிக்கக் கஞ்சி வராது. இது என்ன அற்புதம்?

அடையாற்றில் ஒரு மர அலமாரி இருந்தது. மகாத்மாக்களின் படங்கள் அதற்குள். கேள்வியைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கதவை மூடினால், கொஞ்ச நேரத்தில் மகாத்மாவின் பதில் வந்துவிடும். அந்த அலமாரி மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய அறை தெரியுமா? அம்மையாரின் படுக்கையறை! 1883இல் ஜெனரல் மார்கன் என்பவர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளை அலமாரிக்குள் வைத்து மூடித் திறந்தால், முழுத் தட்டு இருந்தது. ஜெனரல் பரவசமடைந்தார். தட்டு ஜோடியாக வாங்கப்பட்டதா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அம்மையாருடைய வீட்டுக் காரியங்களைப் பார்த்துவந்தவர் எம்மா கூலோம் என்ற மாது. அவருடைய புருஷன் தச்சுவேலை தெரிந்தவர். 1884இல் சண்டை மூண்டு இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். உடனே, அற்புதங்களுக்கு ஏற்பாடு செய்யும்படி அம்மையார் எழுதியவை என்று ஒரு கட்டுக் கடிதங்களைச் சென்னைப் பாதிரிமார் பத்திரிகையில் அவ்வருஷம் செப்டம்பரில் வெளியிட்டார்கள். லண்டன் ஆவி ஆராய்ச்சிச் சங்கத்தார் ஹாட்ஜ்சன் என்பவரை விசாரணைக்கு அனுப்பினார்கள். அவர் வருமுன்பே அலமாரியை அம்மையார் பக்கத்தவர்களே உடைத்து எரித்துவிட்டார்கள்! 1885இல் வெளியான அவருடைய அறிக்கை, அம்மையார் கைதேர்ந்த மோசக்காரி என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இவ்விடத்தில் நாம் நியாயமாய்ப் பேசவேண்டும். கூலோம் தம்பதிகள் விரோதத்தினால் கடிதங்களைத் திருத்திவிட்டார்கள், சுவர்த் துளையைத் தச்சரே பிற்பாடு செய்தார் என்று அம்மையார் கட்சியார் சொல்லுகிறார்கள். 1986இல் அதே சங்கத்தைச் சேர்ந்த வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். அம்மையார் ருஷிய ஒற்றர் என்று ஹாட்ஜ்சன் ஊகித்ததற்குத் தக்க ஆதாரம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன். பாதிரிமார் சந்தோஷப்பட்டதைக் கண்டும் நாம் ஏமாறக்கூடாது. அலமாரிக் கடிதத்தைக் கேலி செய்தவர்கள், தண்ணீர் திராட்சரசமான கதையை அதே தராசில் நிறுத்துப் பார்த்தார்களா?

சரி, கூலோமையும் ஹாட்ஜ்சனையும் தள்ளிவிடுங்கள். கிடில் சங்கதி ஒன்றே போதும். ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர் 1880இல் ஒரு பிரசங்கம் செய்தார். 1881இல் அச்சான ஒரு புஸ்தகத்தில் மகாத்மா கூட்டுமியின் கடிதம் வெளிவந்தது. அதில் தமது பிரசங்கத்து வாக்கியங்களே இருக்கக் கண்டு, 1883இல் கிடில் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். மகாத்மா என்ன சமாதானம் சொன்னார்? குதிரைப் பிரயாணத்தில் களைத்திருந்தபோது மனத்தினாலேயே சொல்லி எழுதச் செய்தாராம், சீடப்பிள்ளை அனுபவமில்லாதவனாம், மேற்கோள் என்பது விட்டுப்போயிற்றாம்! பள்ளிக்கூடத்துப் பையன் காப்பியடித்து அகப்பட்டால்கூட இதைவிட நல்ல சாக்குச் சொல்லுவான்.

இதிலே நஷ்டப்பட்டவர் யார்? அம்மையார் 1885இல் ஐரோப்பாவுக்குப் போய், 1888இல் ஒரு பெரும் புஸ்தகம் வெளியிட்டு, 1891இல் லண்டனில் காலமானார். தாமோதர் மாவ்லங்கர் என்ற வாலிபர் கதையைக் கேளுங்கள். ஆமதாபாத்துப் பார்ப்பனப் பிள்ளை. சொத்தையும் சுற்றத்தையும் துறந்தார். ஜாதியையும் பகிரங்கமாக உதறினார். எவ்வளவு அருமையான துணிவு! அந்தத் துணிவெல்லாம் எங்கே போயிற்று? 1885 பிப்ரவரியில் மகாத்மாக்களைத் தேடி அடையாற்றைவிட்டுக் கிளம்பினார். டார்ஜிலிங் போய், சிக்கிம் தாண்டித் திபேத்தை நோக்கி நடந்தார். திரும்பி வரவேயில்லை. அப்போது வயது 30கூட ஆகவில்லை. ஜாதியை விட்ட அறிவு, மகாத்மாவை விடவில்லை. அதுதான் அவரைக் கொண்டுபோயிற்று.

இன்னொன்றும் பாருங்கள். இதே ஆல்காட், 1894இல் சென்னையில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். அதற்கு எந்த அலமாரி வேண்டியிருந்தது? எந்த மகாத்மா கடிதம் போட்டார்? பலகையும் வாத்தியாரும் பணமும் வேண்டியிருந்தன. மனிதர்கள் கொடுத்தார்கள், பிள்ளைகள் படித்தார்கள். அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே! அற்புதம் காட்ட எவர் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கதவை மூடாமல் செய்வாயா? சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்? இதனால் பசித்தவனுக்கு என்ன பயன்? இம்மூன்றுக்கும் நேரான பதில் வருகிறவரையில் நம்பாதீர்கள். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பவேண்டாம். விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.