சரக்குப் போக்குவரத்தும் புணர்ச்சி இலக்கணமும்



பேராற்றலும் தந்திரமும் மிக்கவரை ‘எம்டன்’ என்கிறோம். அச்சொல்லைத் தமிழுக்குத் தந்தது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. அக்டோபர் 28 விடியலில் நம் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துள் நுழைந்து, ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதனிடம் சிக்கின. சிக்காதவையும் அச்சத்தால் துறைமுகங்களில் முடங்கின. அக்கப்பலின் பெயரை மொழி காத்தது. அது கற்பித்த பாடத்தை நாம் காத்தோமா என்பதே இன்றைய வினா.

கப்பல் நின்றால் கிடங்கு நிறையும். கிடங்கு நிறைந்தால் ரயில் பெட்டி காலியாகாது. பெட்டி காலியாகாவிடின் அடுத்த ஊரில் சரக்கு ஏற்ற இயலாது. கடலில் நேர்ந்த இடையூறு இவ்வாறே நிலத்திலும் பரவுகிறது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால், பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. அவற்றின் கால அட்டவணை குலைந்தது. 2024-இல் சிங்கப்பூரில் நெரிசல் மிகுந்தது. சில கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்தை நாடின, அங்கும் நெரிசல் தொடர்ந்தது.

இலக்கணம் பயின்ற நமக்கு இது புதிதன்று. சொற்கள் தனித்து நிற்கையில் மாறுவதில்லை. அவை சேருமிடத்திலேயே தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்கின்றன. சரக்கும் அத்தகையதே. கப்பல் ரயிலையும் ரயில் லோரியையும் சந்திக்குமிடத்தில், உரிய நாளில் எடுக்கப்படாத கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் தோன்றுகிறது, ரயிலில் செல்லவேண்டியது லோரிக்குத் திரிகிறது, வெங்காயம் கெடுகிறது.

ஆகவே ஆயத்தமும் அச்சந்திகளிலேயே தொடங்கவேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்துக்கு இருப்புப்பாதை உண்டு. தீவுக்கு 1985-இல் ஒரு பாலமும் 2014-இல் மற்றொன்றும் திறக்கப்பட்டன. எனினும் மாற்றுவழி இருப்பது மட்டும் போதாது. வழியை மாற்றும் அதிகாரம் யாருக்கு, கூடுதற் செலவு யாருடையது, எச்சரக்கு முதலில் செல்லும் என்பன இடையூறு நேருமுன்னரே எழுத்தில் முடிவாகியிருத்தல் வேண்டும்.

இனி, மொழியின் பணிக்கு வருவோம். ‘தாமதம்’ என்ற ஒரு சொல் நான்கு நிலைகளை மறைக்கிறது. கப்பலே வரவில்லையா? வந்தும் துறைமேடை கிடைக்கவில்லையா? இறங்கியும் சுங்கம் விடுவிக்கவில்லையா? விடுவித்தும் வண்டி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு, அணுகவேண்டியவரும் வேறு. பெருநிறுவனங்களுக்குச் சரக்கைத் தொடர்ந்து கண்காணிக்கத் தனிப் பணியாளர் உண்டு. நம் கடைத்தெருவின் சிறுவணிகருக்குக் கிடைப்பதோ தொலைபேசியில் ‘தாமதம்’ என்ற ஒரு சொல்லே. அதைக் கொண்டு அவர் மாற்றுச் சரக்கை வாங்குவதா, காத்திருப்பதா எனத் தீர்மானிக்க இயலாது. இழப்பு முதலில் அவரையே சேர்கிறது.

எனவே, இந்நான்கு நிலைகளுக்கும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவான சொற்கள் கொண்ட சிறு கையேடு ஒன்றை ஆக்குதல் நம் போன்றோர் கடமை. கப்பல், கடை என்னும் சொற்களை மலாய்மொழிக்கு ஈந்தது கடல்வணிகம். அன்று சரக்கோடு சொல்லும் பயணம் செய்தது. இன்று சரக்கு நின்றுவிட்டாலும், அது நின்ற இடத்தை உரைக்கும் சொல்லேனும் உரியவரிடம் காலத்தே சென்று சேரட்டும்.