ஆபீஸ் பூட்டியிருந்தால் யாரைக் கேட்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன். அதைவிட உபயோகமானது என்னிடம் இல்லை!

டெய்லர் ஆட்வெல் 2011-ல் வெளியிட்ட லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில்தான் எங்கள் வேலை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் கணக்கு போன்ற விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே அவற்றை புரோகிராமுக்குள் எழுதாமல், 'டாட் என்வ்' என்ற தனிக் கோப்பில் வைப்போம். 'கான்ஃபிக்' கோப்புகள் அதைப் படித்துக்கொள்ளும். மற்ற புரோகிராம்கள் கான்ஃபிக்கை மட்டுமே கேட்க வேண்டும்.

நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்குங்க. ஆபீசில் கேட்டு வந்து ஒருத்தர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நாம் பலகையைப் பார்த்தால் போதும். டாட் என்வ்தான் ஆபீஸ், கான்ஃபிக்தான் பலகை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தோம். டாக்டர் லீவு என்றால் நோயாளிகளுக்கு எஸ்எம்எஸ் போகும். அவசரத்தில் நான் பலகையை விட்டுவிட்டு நேரே டாட் என்வைக் கேட்கும்படி ஒரு வரி எழுதினேன். 'பதில் வராவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பாதே. லாக் கோப்பில் மட்டும் எழுதிவை' என்றும் சேர்த்தேன். சோதனைக்கு வசதி, அவ்வளவுதான். ஆறு மாசம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, வேகம் கூடட்டும் என்று சர்வரில் 'கான்ஃபிக் கேஷ்' கட்டளையைக் கொடுத்தான். லாராவெல் கையேடே சிபாரிசு செய்கிற கட்டளைதான். அது எல்லா கான்ஃபிக் கோப்புகளையும் ஒன்றாகத் தொகுத்து வைத்துவிடும். அதன்பின் லாராவெல் டாட் என்வைத் திறப்பதே இல்லை. ஆபீஸ் பூட்டியாச்சு! என் வரிக்குப் பதில் வரவில்லை. எஸ்எம்எஸ் எல்லாம் லாக் கோப்புக்குள் போய் விழுந்தன. பிழைச் செய்தி ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வாரம் ஒரு டாக்டர் லீவு. விடியக்காலை பஸ் பிடித்து வந்த பெரியவர்கள், மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். நான் அந்தத் தம்பியை எல்லார் முன்னாலும் திட்டினேன். அவன் ஒண்ணும் பேசலை.

ராத்திரி லாக் கோப்பைத் திறந்தேன். போகாத செய்திகள் வரிசையாக இருந்தன. காரணத்தைத் தேடிப் போனால், அங்கே நிற்பது என் வரி!

மறுநாள், திட்டிய அதே இடத்தில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா, முதல்ல அந்த வரியை மாத்துவோம்" என்றான்.

மாற்றியது இரண்டே விஷயம். டாட் என்வைக் கேட்கும் வேலையை கான்ஃபிக் கோப்புக்குக் கொண்டுபோனோம். மதிப்பு இல்லையென்றால் சும்மா சமாளிக்காமல், பிழை சொல்லி அங்கேயே நிற்கும்படி செய்தோம். இப்போது எங்கள் சோதனை சர்வரிலும் அதே கட்டளையைக் கொடுத்துவிட்டுத்தான் சோதிக்கிறோம்.

தம்பி தங்கைகளே, சத்தம் போட்டு நிற்கிற புரோகிராமைக் கண்டு பயப்படாதீர்கள். சத்தமில்லாமல் சமாளிக்கிற புரோகிராமுக்குத்தான் பயப்பட வேண்டும். யாரையாவது திட்டுவதற்கு முன்னால், லாக் கோப்பை ஒருதரம் திறந்து பாருங்கள்.