எதிர்மொழி இல்லாத கட்டம்: காதல் படக்கதைகளில் பிழைபட்ட உறவும் வாசகர் வழக்கும்

காதல் படக்கதைகளில் மிரட்டலும் பின்தொடர்தலும் அவமதிப்பும் அடைத்துவைத்தலும் காதலின் பெயரால் நடப்பது புதிதல்ல. அவற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் வாசகர்கள் பிரிகிறார்கள். ஒரு சாரார் அதைக் கொடுமை என்று குறித்து நூலை மூடிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், கதை முடியும் வரை பொறுத்திருந்தால் அக்கொடுமைக்குக் காரணம் தெரியவரும் என்கிறார்கள். இது கற்பனை, யாரும் இதைப் பார்த்து வாழப்போவதில்லை என்று ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. மூவரும் பெரும்பாலும் கதைச் சம்பவத்தைப் பற்றியே பேசுகிறார்கள். படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பது பேச்சில் வருவதில்லை. படக்கதையில் தீர்ப்பு பெரும்பாலும் படத்தில்தான் இருக்கிறது.

தமிழ் மரபின் பாகுபாடு

பிழைபட்ட காதலைத் தனியே பெயரிட்டு வைத்த மரபு தமிழில் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணையை ஏழாக வகுத்து, நடுவில் உள்ள ஐந்தை அன்பின் ஐந்திணை என்று கொள்கிறது. முதலில் நிற்கும் கைக்கிளையும் இறுதியில் நிற்கும் பெருந்திணையும் அந்த அன்புக்கு வெளியே உள்ளவை. கைக்கிளைக்குத் தரப்படும் இலக்கணம் கூர்மையானது. காதலை அறியும் பருவம் எய்தாத ஒருத்தியிடம் ஒருவன் ஆசை கொள்கிறான். அவளையும் தன்னையும் சேர்த்துப் பேசுகிறான். அவளிடமிருந்து ஒரு மறுமொழியும் கிடைக்காமலே தான் பேசியதில் தானே இன்புறுகிறான். படக்கதையின் மொழியில் சொன்னால், இரண்டு முகங்கள் இருந்தும் ஒரே பேச்சுக் குமிழ் உள்ள கட்டம் அது.

பெருந்திணையின் கீழ் நான்கு சொல்லப்படுகின்றன. மடலேறுதல், இளமை கடந்த நிலையில் வரும் பொருத்தமற்ற காதல், தெளிவிழந்த காம மிகுதி, காம மிகுதியால் செய்யும் வன்செயல். இரண்டாவதற்கு உரை கண்ட இளம்பூரணர் முதியவன் இளையவளை விரும்புவதை மட்டும் கூறவில்லை. முதியவள் இளையவனை விரும்புவதையும், இருவருமே முதியராய் அறத்தை நினையாது காமத்தையே நினைப்பதையும் சேர்த்துக்கொள்கிறார். இன்றைய வாசகர் வயது வேறுபாடு குறித்து நடத்தும் வாதத்துக்கு இந்த உரை நெருங்கிய முன்னோடி.

மடலேறுதல் இவ்வழக்குக்கு இன்னும் நெருக்கமானது. பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தான் விரும்பியவளின் உருவத்தைத் துணியில் எழுதி ஏந்தித் தெருவில் ஏறிவருவது மடல். அந்த ஓவியத் துணிக்குக் கிழி என்று பெயர். அவள் ஒரு சொல்லும் சொல்லாதபோதே அவள் படம் ஊர் நடுவே வந்துவிடுகிறது. ஊர் வாய் திறந்த பின் அவள் சுற்றத்தாருக்கு அவனுக்கே கொடுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. பழைய பாடல்களில் இரக்கத்துக்குரிய காட்சியாகப் படிக்கப்பட்டுவந்த இதை, படத்தை வைத்து நடத்தும் மிரட்டல் என்று இன்று ஒருவர் படித்தால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. 

இலக்கணிகள் இங்கே ஒரு நுட்பமான கோடு கிழித்தார்கள். மடலேறுவேன் என்று சொல்வது வேறு, ஏறுவது வேறு. சொல்வது களவொழுக்கத்துக்குள் இடம் பெறும், ஏறியது பெருந்திணை. சொல்லும் செயலும் ஒன்றல்ல என்ற இந்தப் பாகுபாடுதான், காட்டுவதும் ஏற்பதும் ஒன்றல்ல என்று வாதிடும் இன்றைய வாசகரின் கையிலும் இருக்கிறது. மரபு இத்தகைய காதலைப் பாடக்கூடாது என்று தடை செய்யவில்லை. பாடலாம், ஆனால் அதை ஐந்திணை என்று அழைக்கக்கூடாது என்றது. அதே நூல் ஐந்திணைக்குப் புறம்பான காதலை அடியோர், வினைவலர் என்ற ஏவல் மக்களுக்கு உரியதாக்கியது மரபின் குறை. மலிவான படக்கதைகளைப் படிப்பவர்கள் நல்லது கெட்டது அறியாதவர்கள் என்ற பேச்சில் அந்தக் குறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

தடை செய்த நாடு

காதல் படக்கதை தனி வகையாகப் பிறந்தது அமெரிக்காவில். 1947இல் ஜோ சைமனும் ஜாக் கர்பியும் 'யங் ரொமான்ஸ்' இதழைத் தொடங்கினார்கள். ஒரு பெண் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வது போன்ற வாக்குமூலக் கதைகள் அதில் நிறைய வந்தன. சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அதே பாணியைப் பின்பற்றின. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று நூல் எழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. அதன் பின் வெளியீட்டாளர்கள் தாங்களே ஒரு நெறிமுறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். மணமுறிவை விரும்பத்தக்கதாகக் காட்டக்கூடாது என்றது அந்நெறிமுறை.

தீய உறவைத் தாளிலிருந்து நீக்குவதுதான் நோக்கம். விளைவு வேறு. கணவனை விட்டு வெளியேறுவது நல்ல முடிவாக அச்சேற முடியாதபோது, அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் கதை அவனிடமே திரும்பியாக வேண்டும். கொடுமையைக் கொடுமை என்று சொல்லி முடிக்கும் வாய்ப்பே அடைபட்டது. தணிக்கை, தீய உறவைவிட அதன் மீதான தீர்ப்பை எளிதாக அழித்துவிடும் என்பதற்கு இந்நெறிமுறை போதிய சான்று.

முடிவிலிருந்து பின்னோக்கி

வாசகர் தரப்பைக் கேட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் ஜேனிஸ் ராட்வே. 1984இல் வெளிவந்த அவருடைய ஆய்வு படக்கதையைப் பற்றியதல்ல, காதல் நாவல்களைப் பற்றியது. ஆயினும் இவ்வழக்கில் அதைத் தவிர்க்க இயலாது. ஸ்மித்டன் என்று புனைபெயரிட்ட அமெரிக்க ஊரொன்றில், ஒரு புத்தகக் கடைக்காரியின் பரிந்துரையை நம்பி நாவல் வாங்கிய பெண்களை அவர் சந்தித்துப் பேசினார். அப்பெண்கள் ஏமாளிகள் அல்லர். வன்முறை மிகுந்த நாயகர்களை வெறுத்தார்கள். எந்த நூல் நல்லது என்பதில் கறாராக இருந்தார்கள். ஆனால் தமக்குப் பிடித்த நூலில், நாயகன் தொடக்கத்தில் காட்டிய கடுமையை முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்தார்கள். இறுதியில் அவன் அன்பு வெளிப்பட்டுவிட்டதால், முதலில் அவன் கடிந்ததும் அன்பே என்றாகிவிடுகிறது.

இந்தப் பின்னோக்கிய வாசிப்பை நன்கு பார்க்கக்கூடிய படக்கதை யோக்கோ காமியோவின் 'ஹனா யோரி டாங்கோ'. 1992இல் ஜப்பானின் 'மார்கரெட்' இதழில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது. செல்வர் பிள்ளைகள் படிக்கும் எய்த்தோக்கு பள்ளியில் சாதாரணக் குடும்பத்துப் பெண் மக்கினோ சுகுஷி படிக்கிறாள். பள்ளியை ஆட்டிவைக்கும் நால்வரின் தலைவன் டொம்யோஜி சுகாசா. அவன் யாருக்குச் சிவப்புச் சீட்டு அனுப்புகிறானோ அவரைப் பள்ளி முழுவதும் வதைக்கும். சுகுஷிக்கும் சீட்டு வருகிறது. அவள் அடங்காமல் திருப்பி அடிக்கிறாள். அவனுக்குக் காதல் வருகிறது. ஆள் வைத்து அவளைத் தூக்கிவந்து, உடையும் ஒப்பனையும் மாற்றி, தன் செல்வத்தைக் காட்டி வசப்படுத்தப் பார்க்கிறான். பின்னர் வலுக்கட்டாயமாக நெருங்கவும் முனைகிறான். இத்தனைக்குப் பிறகும் கதை அவனை நாயகனாகவே வைத்துக்கொள்கிறது.

இக்கதை 2001இல் தைவானிலும் 2005இல் ஜப்பானிலும் 2009இல் கொரியாவிலும் தொலைக்காட்சித் தொடரானது. கொரியத் தொடர் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' தமிழில் குரல் மாற்றப்பட்டுப் புதுயுகம் தொலைக்காட்சியில் வந்தபோது, மூலப் படக்கதையைப் பார்த்திராத தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்த நாயகன் அறிமுகமானான். தமிழ்த் திரைப்படத்தில் பின்தொடர்ந்து பணியவைக்கும் நாயகனைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவன் புதியவனாகத் தெரிந்திருக்க வழியில்லை. அத்திரை வழக்கமும் 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு பொதுவெளியில் கடுமையாகக் கேள்விக்கு உள்ளானது.

ஜப்பானியச் சிறுமியர் படக்கதைக்குத் தனி இலக்கணம் உண்டு. மனம் இளகும் கணத்தில் கட்டத்தின் கோடு மறையும். பின்னணியில் பூ மலரும். கண்ணில் ஒளிப்புள்ளி கூடும். இந்த அலங்காரங்கள் யாருடைய மனத்தைச் சொல்கின்றன என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அவன் கையைப் பற்றி இழுக்கும் கட்டத்தில் அவள் முகம் அச்சத்தோடு வரையப்பட்டு, அடுத்த கட்டமும் அவளிடமே தங்கினால், ஓவியர் அவள் பக்கம் நிற்கிறார். அவள் முகம் வெட்டப்பட்டு, அவனுடைய சோகக் கண்ணும் பூவும் வந்தால், அந்தப் பக்கம் கைக்கிளையை ஐந்திணையாக மாற்றிக் காட்டுகிறது. காமியோவின் கதை இரண்டையும் செய்கிறது. தொடக்கத்தில் சுகுஷியின் மறுப்பு தெளிவாக, பல வேளை நகைச்சுவையோடும் உரத்தும் வரையப்பட்டிருக்கிறது. போகப்போக அவனுடைய தனிமைக்கும் தாயின் கொடுமைக்கும் பக்கங்கள் பெருகுகின்றன. வாசகர் இரு பிரிவானது அவர்களுடைய குணத்தால் மட்டுமல்ல. நூலே இரு விதமாக வரையப்பட்டிருக்கிறது.

நேர் எதிரான நிலை, 2016 முதல் 2019 வரை லெஜின் தளத்தில் வந்த கொரியப் படக்கதை 'கில்லிங் ஸ்டாக்கிங்'. கூகி என்ற புனைபெயர் கொண்டவருடைய படைப்பு. ஒருவனை ரகசியமாகப் பின்தொடரும் இளைஞன் அவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் கொலைகாரன் என்று அறிந்து, கால் முறிக்கப்பட்டு அங்கேயே சிறைப்படுகிறான். இதில் ஐயத்துக்கு இடமில்லை. இது திகில் கதை. ஆயினும் வாசகரில் ஒரு பகுதியினர் இதைக் காதல் கதையாகப் படித்து, இருவரையும் இணையாக்கி மகிழ்ந்தார்கள். நூல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாசிப்பு வேறு திசையில் போகக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அதற்கு நூலைக் குற்றம் சாட்டுவது முறையாகாது.

இலங்கைக் கரையில்

இலங்கையில் காதல் படக்கதை செழித்தது சிங்களத்தில். 1951இல் 'லங்காதீப'வில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா' அங்கே படக்கதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1972இல் 'சத்துட' வந்த பின் படக்கதைக்கென்றே வார இதழ்கள் பெருகின. ஒரு தொடருக்கு வாரம் சில கட்டங்கள். அவற்றில் பெரும்பகுதி காதல். அதே 1972இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நாயகன் பிரிட்டிஷ் இதழ்களிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவி. ஈழத்துத் தமிழ்ச் சித்திரக்காரரில் புகழ்பெற்ற 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித் தம்பரோ நகைச்சுவைப் பிறவி. ஆகவே தமிழ் வாசகருக்குப் படக்கதை என்றால் சாகசம் அல்லது சிரிப்பு. காதல் வார இதழ்த் தொடர்கதையிலும் அதன் ஓவியத்திலும் தங்கிவிட்டது. தமிழில் இவ்வழக்கு பிந்தி வந்ததற்கு இதுவே காரணம். சிங்கள வார இதழ்கள் 1979இல் தொலைக்காட்சி வந்து 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு மெல்லத் தளர்ந்தன.

வாரத் தொடர் என்ற வடிவம் வாசகரின் தீர்ப்பைத் தள்ளிப்போட வைக்கிறது. ஒரு வாரம் அறைகிறான், மறுவாரம் அழுகிறான். தனித்தனிக் கட்டமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் உண்டு. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இங்கே உதவுகிறது. உணர்ச்சிவழித் துன்புறுத்தலை அது தனியொரு செயலாகப் பார்ப்பதில்லை. இழிவுபடுத்தும் கொடிய நடத்தை ஒரு தொடர் கோலமாக இருப்பதையே பார்க்கிறது. படக்கதை வாசகரும் ஒரு சண்டைக் கட்டத்தை வைத்து நூலைத் தள்ளத் தேவையில்லை. ஒரு மன்னிப்புக் கட்டத்தை வைத்து ஏற்கவும் தேவையில்லை. பத்து இதழ்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் கோலம் தெரியும்.

தமிழும் சிங்களமும் அருகருகே புழங்கும் இலங்கைக் கரையோர ஊரான தலவிலவில், ஒரே நிகழ்வுக்குப் பல கதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. புனித அன்னம்மாள் திருத்தலத்தின் தோற்றத்துக்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்றில், வறுமையுற்ற போர்த்துக்கீசன் ஒருவன் ஆலமரத்தடியில் உறங்கிக் கனவு கண்டு விழித்துச் சிலையைக் காண்கிறான். மற்றொன்றில், கப்பல் உடைந்து கரையேறிய வணிகன் சிலையை மரத்தில் வைத்து, தொழில் செழித்தால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொள்கிறான். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழாவுக்கு வருவோர் இரண்டையும் கேட்டுப் போகிறார்கள். எது சரி என்று சண்டையிடுவதில்லை. ஆனால் இந்தப் பொறுமையைக் காதல் கதைக்கு அப்படியே நீட்ட முடியாது. சிலை எப்படி வந்தது என்பதில் யாருக்கும் அடி விழுவதில்லை.

முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பவர்களுக்கு முடிவே கிடைக்காத நூல் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் காவோரு டாடா 1990இல் தொடங்கிய 'இத்தாசுரா நா கிஸ்' அது. கோத்தோகோ என்ற பெண் இரியே நவோக்கிக்குக் கடிதம் நீட்டுகிறாள். அவன் வாங்காமலே மறுக்கிறான். நிலநடுக்கத்தில் அவள் வீடு விழ, அவன் வீட்டிலேயே தங்க நேர்கிறது. மணத்துக்கு முன்னும் பின்னும் அவன் அவளைச் சுருக்கென்று பேசுகிறான். அவன் உள்ளே அன்பானவன் என்பாரும், அவள் தன்னையே அழித்துக்கொள்கிறாள் என்பாரும் கடைசி அத்தியாயத்தை எதிர்பார்த்திருந்தார்கள். டாடா 1999இல், கதையை முடிக்காமலே இறந்தார். அவர் கையால் வரைந்து முடித்த பக்கங்கள் மட்டுமே இரு தரப்புக்கும் மிஞ்சின.