கிளாரிஸுக்கு நேர்ந்த அநியாயம்

(சங்கமத்தின் இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



பிடித்த புத்தகம் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய இலக்கியங்களைத் தொட்டுவிட்டார்கள். நான் ஒரு படி கீழே இறங்கி, என்னை ஏமாற்றிய ஒரு திகில் நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுளிக்காதீங்க. விடுதியில் விளக்கணைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் மர்ம நாவல் படித்தவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள்!

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸ் 1988-இல் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' பலருக்கும் தெரிந்திருக்கும். 1991-இல் படமாக வந்து, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் அள்ளிக்கொண்டது. அதிலே கிளாரிஸ் ஸ்டார்லிங் என்று ஒரு பெண். எஃப்.பி.ஐ.யில் இன்னும் பயிற்சி மாணவி. ஏழைக் குடும்பம், சிறு வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவள். தொடர் கொலைகாரன் ஒருவனைப் பிடிக்க, சிறையிலிருக்கும் இன்னொரு கொலைகாரனான டாக்டர் ஹானிபல் லெக்டரிடம் அவளை அனுப்புகிறார்கள். அவர் மனநல மருத்துவர். மனித மாமிசம் தின்றவர்.

லெக்டர் குறிப்புத்தான் கொடுக்கிறார். கண்டுபிடிப்பது அவள். இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டில் தைக்கப்படாத துணியைப் பார்க்கிறாள். நம்ம ஊர் தையற்காரர் ரவிக்கைக்கு டாட் பிடிப்பாரே, அதே வடிவம்தான் இன்னொரு சடலத்தின் முதுகில் வெட்டப்பட்டிருந்தது என்பது அவளுக்குச் சட்டென்று புரிகிறது. கொலைகாரனுக்குத் தையல் தெரியும்! பெரிய பெரிய அதிகாரிகள் கண்ணில் படாதது, ஊசி நூல் பிடித்த பெண்ணின் கண்ணில் படுகிறது. நான் அந்த நாவலுக்கு அடிமையானது அந்த இடத்தில்தான்.

பதினோரு வருடம் காத்திருந்தோம். 1999-இல் அடுத்த பாகம் 'ஹானிபல்' வந்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லெக்டர் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பேர் மாற்றிக்கொண்டு வாழ்வதும், அங்கே ஒரு போலீஸ் அதிகாரி பணத்தாசையில் அவரைக் காட்டிக்கொடுக்கத் துணிவதும் அருமையான பகுதி. கீழே வைக்க மனசு வராது.

அப்புறம்தான் வயிற்றெரிச்சல். முதல் ஏமாற்றம், லெக்டருக்குக் காரணம் கற்பித்தது. முந்தைய நாவலில் அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு விடையே கிடையாது. அதுதான் பயம். இங்கே, போர்க்காலத்தில் அவருடைய சின்னஞ்சிறு தங்கையைப் பசியில் வாடிய படைவீரர்கள் கொன்று தின்றார்கள் என்று ஒரு பின்கதை. கேட்டதும் பரிதாபம் வருகிறது, பயம் போய்விடுகிறது.

இரண்டாவது ஏமாற்றம்தான் பெரியது. கடைசியில் கிளாரிஸுக்கு மருந்து கொடுத்து, மனோவசியம் செய்து, லெக்டர் அவளைத் தன் துணைவியாக்கிக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நான் விவரிக்க மாட்டேன்.

'இதிலே நியாயம் இருக்கு' என்று சொல்பவர்களும் உண்டு. அவள் உழைத்த இலாகாவே அவளைக் கைவிட்டது, மேலதிகாரி ஒருவர் பழி தீர்த்தார், அப்படிப்பட்ட இடத்தை உதறிவிட்டுப் போனாள், என்ன தப்பு என்கிறார்கள். போகட்டுமே, நானும் கைதட்டுவேன்! ஆனால் அவள் தானாகவா போனாள்? சொந்த புத்தியோடு ராஜினாமா எழுதி மேஜையில் வைத்திருந்தால் அது அவள் முடிவு. மருந்து ஏற்றிய பிறகு சொல்கிற சம்மதம் என்ன சம்மதம்? முதல் நாவல் முழுக்கத் தன் மூளையை நம்பி நின்றவளிடமிருந்து அந்த மூளையையே பிடுங்கிக்கொள்கிறார் ஆசிரியர்.

முதல் படத்தில் கிளாரிஸாக நடித்த ஜோடி ஃபாஸ்டர் இரண்டாம் படத்தில் நடிக்கவில்லை. 2001-இல் ஜூலியன் மூர் நடித்து வந்த படத்தில் அந்த முடிவையே மாற்றிவிட்டார்கள்.

'கதைதானே, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?' என்று என் வீட்டில் கேட்டார்கள். நம் வகுப்புத் தோழியரை நினைத்துப் பார்க்கிறேன். ஆண்களே நிறைந்த அலுவலகத்தில் ஒற்றைப் பெண்ணாக நுழைந்து, தன் வேலையால் பேர் வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அப்படி ஒருத்தியின் கதையை ஆரம்பித்துவிட்டு, கடைசியில் அவள் வாயையும் மனசையும் கட்டிப்போடுவதென்றால் படிக்கிறவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. எழுத்தாளர் எந்த முடிவும் எழுதலாம். அதற்கு அவளுடைய குணத்திலிருந்தே வழி போட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

மணி அடித்துவிட்டார்கள். படிக்காதவர்கள் முதலில் 1988-ஆம் வருட நாவலைப் படியுங்கள். பிறகு 'ஹானிபல்' படித்துவிட்டு, என் கட்சி தவறு என்று தோன்றினால் அடுத்த சங்கமத்தில் சண்டைக்கு வாங்க, காத்திருக்கிறேன்.